மாமரத்துக்குக் கத்தி வைக்கும் காலம்: திருகோணமலை வளவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

"கொப்பெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி விட்ட மரம், இந்த வருசம் ஏன் ஒரு பூவும் பூக்கேல்லை?" பெப்ரவரி பிறந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்ப வெட்டினீங்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "கார்த்திகையிலதான். புயல் வரப்போகுது, கூரையில விழும் எண்டு சொன்னாங்கள்." அதோடு விஷயம் விளங்கிவிடும். மரத்தில் பிழை இல்லை, பசளையிலும் பிழை இல்லை. வெட்டிய மாதம்தான் பிழை.

கறுத்தக்கொழும்பான், விலாட், அம்பலவி, டொம் ஈஜேசி என்று எந்த இனமாக இருந்தாலும், எப்படி வெட்டுவது என்பதை ஒரு நாளில் பழகிவிடலாம். எப்போது வெட்டுவது என்பதில்தான் அடுத்த வருட விளைச்சல் இருக்கிறது. உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் ஒரேயொரு மரம் வைத்திருப்பவருக்கும், கந்தளாய்ப் பக்கம் ஓர் ஏக்கரில் ஒட்டுக்கன்று நட்டவருக்கும் இது பொருந்தும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்

மாமரம் கொப்பின் நுனியில்தான் பூக்கும். எல்லா நுனியும் பூக்காது. முற்றிய நுனிதான் பூக்கும். மா வளரும், ஆனால் குளிர்காலமும் உள்ள நாடுகளில் குளிரே பூவைக் கொண்டுவரும். நம்மைப் போன்ற வெப்பமான கரையில் அந்த வேலையைச் செய்வது கடைசியாக விட்ட துளிரின் வயது. துளிர் வந்து குறைந்தது நான்கு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சில இனங்கள் ஐந்து, ஆறு மாதமும் கேட்கும். அந்த வயது வந்தபின் சில கிழமைகள் மழையில்லாமல் காய்ந்தால், மரம் மறுபடி துளிர்க்காமல் அடங்கி நின்று பூக்கும்.

நீங்கள் ஒரு கொப்பை வெட்டும்போது அந்த நுனியின் வயது பூச்சியமாகிறது. வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள மொட்டுகள் விழித்து, செம்பு நிறத்தில் தொங்கும் இளங்குழையாக வந்து, வெளிர்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாக முற்ற ஐந்து, ஆறு கிழமை எடுக்கும். அதன்பிறகும் அது சும்மா நின்று வயதேற வேண்டும். நவம்பர் நடுவில் வெட்டினால், டிசம்பரில் துளிர் வரும். பெப்ரவரியில் அதற்கு இரண்டு மாதம்தான் வயது. பக்கத்து வளவில் வெட்டாத மரம் பூத்துக் கொட்ட, உங்கள் மரம் அழகான பச்சைக் குடையாக நிற்கும்.

யூடியூப் பார்த்து வெட்டுபவர்களுக்கு

இப்போது பலர் வெளிநாட்டுச் செரித் தோட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, டிசம்பர், ஜனவரியில் வாளோடு மரத்தில் ஏறுகிறார்கள். அந்த மரங்கள் இலையுதிர்த்து குளிரில் உறங்கும் மரங்கள். செரி பூப்பது நுனியில் அல்ல. இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கொப்புகளில் இருக்கும் குட்டையான காய்க்குச்சிகளில்தான் அது பூக்கும். ஆகவே உறக்கத்தில் வெட்டினாலும் மீதிக் கொப்புகளில் பூமொட்டு ஏற்கெனவே இருக்கும். மாமரத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் உண்டு. குளிர்காலத்தில் கடுமையாக வெட்டினால் செரி மரம் காயை விட்டுவிட்டு நெடுநெடுவென்று கொப்பு வளர்க்கும். ஈரமான குளிரில் வெட்டிய காயத்தினூடாக பற்றீரியா நோயும் உள்ளே போகும். அதனால் ஈரமான இடங்களில் பலர் பழம் பறித்த கையோடு, காய்ந்த கோடையில் கத்தரிக்கிறார்கள். அறுவடை முடிந்த உடனே, ஈரமில்லாத நாளில் என்ற அந்த விதி அப்படியே நம் மாமரத்துக்கும் சரி.

நம் ஊர்க் கணக்கு

திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். ஜனவரிக் கடைசியில் வானம் வெளிக்கும், பெப்ரவரி, மார்ச் காயும். பூக்காலம் இதற்குள் வருகிறது. மே தொடங்கி ஜூலை வரை பழம். அந்த நேரம் கச்சான் காற்று அனல் வீசிக்கொண்டு இருக்கும்.

இதைப் பின்னோக்கி எண்ணினால் கத்தரிக்கும் காலம் தானாகத் தெரியும். பெப்ரவரியில் பூ வேண்டுமென்றால், கடைசித் துளிர் ஒக்டோபர் முடிவதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். ஓகஸ்டில் வெட்டினால் செப்டெம்பரில் ஒரு துளிர், ஒக்டோபரின் முதல் மழைக்கு இன்னொரு துளிர் என இரண்டு சுற்று கிடைக்கும். ஒவ்வொரு சுற்றும் நுனிகளைப் பெருக்கும். செப்டெம்பர் கடைசியில் வெட்டினால் ஒரு சுற்றுதான், அதுவும் மழை நீடித்தால் நவம்பரில் இன்னொரு பிந்திய துளிர் விட்டுக் காரியத்தைக் கெடுக்கும்.

ஆகவே ஆடி அமாவாசைக்கு முன்பின்னாகத் தொடங்கி ஓகஸ்ட் நடுவுக்குள் முடியுங்கள். செப்டெம்பர் முதல் கிழமை என்பது கடைசி. ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கும்போது கத்தி கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பழம் பிந்தி முற்றும் இனமென்றால், எல்லாப் பழமும் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பறித்து முடிந்த கொப்புகளை முதலில் வெட்டிக்கொண்டு போகலாம்.

மண்ணும் கொஞ்சம் மாற்றும். நிலாவெளி, குச்சவெளிக் கரை மணல் மழை விட்டதும் சீக்கிரம் வடியும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலோரக் களி மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் மரம் அடங்குவதும் பிந்தும். களி மண்காரர் முந்தி வெட்டுவது நல்லது. மணல்காரருக்கு வேறொரு வேலை கூட இருக்கிறது: ஓகஸ்டில் தண்ணீர் ஊற்றாவிட்டால் துளிரே வராது.

படி 1: வெட்ட முன் பத்து நிமிடம் பாருங்கள்

மரத்தைச் சுற்றி நடந்து, கீழிருந்து மேலே பாருங்கள். நடுப்பகல் வெயிலில் மரத்தின் அடியில் வெளிச்சப் புள்ளிகள் விழ வேண்டும். ஒரே இருட்டாக இருந்தால் உள்ளே இருக்கும் கொப்புகள் வெறும் சோம்பேறிகள். பூக்காது, காய்க்காது, பூச்சிக்குத்தான் வீடு. பட்ட கொப்பு, உரசும் கொப்பு, நேர் மேலே ஈட்டி போல ஓடும் கொப்பு, ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் காட்டுத் துளிர் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தண்டில் ஓட்டையும் அதிலிருந்து மரத்தூளும் தெரிந்தால், அது தண்டு துளைக்கும் வண்டின் வேலை. அந்தக் கொப்புக்கு முதலிடம். முசுறுக் கூடு எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள், ஏறியபின் கண்டுபிடிப்பது சுகமான அனுபவமல்ல.

படி 2: கருவி, கை, முகம்

பெருவிரல் தடிப்பு வரை கொப்பு வெட்டும் கத்தரி, அதற்கு மேல் கைவாள். காட்டுக்கத்தியால் கொத்தினால் வெட்டு சிதறி, காயம் மூட மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் ஸ்பிரிட்டால் கருவியைத் துடையுங்கள். மாம்பால் தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகும், கண்ணுக்கு அதைவிட மோசம். நீளக்கைச் சட்டையும் கண்ணாடியும் போடுங்கள்.

படி 3: பெரிய வெட்டுகள் முதலில்

மணிக்கட்டுத் தடிப்புக் கொப்பை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியில் முறிந்து பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். வெட்ட வேண்டிய இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றிலொரு பங்கு அறுங்கள். அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குங்கள். கடைசியாக, மிஞ்சிய குற்றியைத் தாய்க்கொப்பின் அடிப் புடைப்பை ஒட்டி வெட்டுங்கள். அந்தப் புடைப்பை வெட்டக்கூடாது, காயத்தை மூடுவது அதுதான்.

ஒரு வருடத்தில் குடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இன்னொன்று: கொப்பு தடிக்கத் தடிக்க, அது மறுபடி பூக்க எடுக்கும் காலமும் நீளும். மணிக்கட்டுத் தடிப்பில் வெட்டிய கொப்பு வரும் பருவத்தில் காய்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், அதற்கடுத்த வருடம்தான். அதனால் பெரிய வெட்டுகளை ஜூலைக் கடைசியிலேயே முடித்து, சிறிய நுனி வெட்டுகளை ஓகஸ்டுக்கு வையுங்கள்.

உயரத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதம். ஏணியில் நின்று கையெட்டும் உயரம் போதும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரை தொட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்று நுழைந்து போக இடமுள்ள குட்டை மரத்தை அப்படியான காற்று அவ்வளவு எளிதில் சாய்க்காது. புயலுக்குப் பயந்து வெட்டுவதானாலும் அதை ஓகஸ்டில் செய்தால் பூவும் தப்பும், கூரையும் தப்பும்.

படி 4: நுனி வெட்டு, இங்கேதான் கைத்திறன்

கிட்ட நின்று ஒரு காய்த்த நுனியைப் பாருங்கள். நுனியில் காய்ந்த பூங்கொத்தின் காம்பு நிற்கும். அது நிற்கும்வரை அந்த நுனி துளிர்க்கத் தயங்கும். கொஞ்சம் கீழே வந்தால், இலைகள் நெருக்கமாகச் சுற்றி நிற்கும் ஒரு கணு வளையம் தெரியும். ஒரு துளிர் முடிந்து அடுத்தது தொடங்கிய இடம் அது. விரலால் தடவினால் மேடாக இருக்கும், அதில் மொட்டுகள் கூட்டமாக ஒட்டியிருக்கும்.

அந்த வளையத்துக்கு மேலே வெட்டினால், ஐந்தாறு துளிர் ஒரே இடத்திலிருந்து விளக்குமாறு போலக் கிளம்பும். வளையத்துக்குக் கீழே, மொட்டுகள் தள்ளித்தள்ளி இருக்கும் பகுதியில் வெட்டினால், இரண்டு மூன்று துளிர்தான் வரும், ஆனால் நல்ல தடிப்பில், இடைவெளியோடு வரும். இளம் மரத்துக்குக் கொப்புகள் பெருக வேண்டுமென்றாலும் நான் கீழேயே வெட்டச் சொல்வேன். மேலே வெட்டினால் செப்டெம்பரில் மறுபடி ஏறி நெருக்கத்தைக் கலைக்க வேண்டும், யாருக்கு நேரம்.

படி 5: காயத்துக்கு மருந்து

இரண்டு விரல் தடிப்புக்கு மேற்பட்ட வெட்டுகளுக்குப் போடோப் பசை பூசுங்கள். 100 கிராம் துரிசை (செப்புச் சல்பேற்றை) அரை லீற்றர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னோர் அரை லீற்றர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு பழைய ஆணியைக் கொஞ்ச நேரம் அதில் வைத்துப் பாருங்கள். ஆணியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசி முடிக்க வேண்டும்.

திடீரென்று வெயில் படும் தடித்த கொப்புகளுக்கு இன்னொரு கவனிப்பு வேண்டும். ஓகஸ்ட் வெயிலில் பட்டை வெந்து வெடிக்கும். நீரில் கரையும் வெள்ளைப் பெயின்றை அதே அளவு தண்ணீரோடு கலந்து மேற்பக்கம் பூசிவிடுங்கள்.

படி 6: தண்ணீரும் பசளையும்

வெட்டியதும் மரத்தின் குடை விளிம்புக்கு நேர் கீழே மாட்டெருவும் தழைச்சத்துப் பசளையும் போட்டு, கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சுங்கள். பசளையின் அளவு மரத்தின் வயதைப் பொறுத்தது, உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் சொல்வார். அளவைவிட முக்கியம், தழைச்சத்து முழுவதையும் செப்டெம்பருக்குள் முடிப்பது. மாரியில் யூரியா போட்டால் மரம் ஜனவரியிலும் துளிர்த்துக்கொண்டே நிற்கும்.

மழை விட்டபின் தண்ணீர் ஊற்றாதீர்கள். "பாவம், காயுதே" என்று ஜனவரிக் கடைசியில் குழாய் பிடிப்பவர்கள் பலர். காயட்டும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் மறுபடி தொடங்கி, அதன்பின் இடைவெளி விடாமல் ஊற்ற வேண்டும். விட்டு விட்டு ஊற்றினால் பிஞ்சு கொட்டும்.

படி 7: துளிர் கலைத்தலும், மாவிலை விஷயமும்

செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை பாருங்கள். ஒரு வெட்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று துளிர் போதும். உள்நோக்கி வருவதையும் மெலிந்ததையும் கையாலேயே ஒடித்துவிடலாம்.

அதன்பின் ஜூலை வரை மரத்தைத் தொடக்கூடாது. ஆனால் நம் வீடுகளில் இரண்டு பேர் தொடுவார்கள். ஒன்று, மழைக்குப் புல் கிடைக்காமல் ஆட்டுக்குக் குழை வெட்டுபவர். மற்றது, தைப்பொங்கலுக்குத் தோரணம் கட்டுபவர். தை பிறக்கும் நேரம்தான் நுனிமொட்டு பூவாவதற்குத் திரளும் நேரம். எட்டும் உயரத்தில் வெயில் படும் நல்ல நுனிகளை ஒடித்துக் கட்டினால், ஒவ்வொரு தோரணமும் ஒரு பூங்கொத்து. மாவிலை வேண்டாம் என்று யார் சொல்வது? மரத்தின் உட்பக்கம், நிழலில் உள்ள கொப்பிலிருந்து இலையை மட்டும் கிள்ளி எடுங்கள், நுனியை விடுங்கள். ஆட்டுக்கோ, ஓகஸ்டில் வெட்டும் குழையே ஒரு கிழமைக்குக் காணும்.

பழத்தில் என்ன மாறும்

உண்மையைச் சொன்னால், நெடுங்காலம் கத்தரிக்காத மரத்தில் கை வைத்த முதல் வருடம் பழ எண்ணிக்கை குறையலாம். நுனிகளைக் குறைத்திருக்கிறோம், அது நியாயம்தானே. மாற்றம் தரத்தில்தான் முதலில் தெரியும். காய்க்கு வெயில் படுவதால் நிறம் எடுக்கும் இனங்கள் நன்றாக நிறம் எடுக்கும், இனிப்பும் ஏறும். குறைந்த காய்க்கு அதே உணவு பிரிவதால் பருமன் கூடும்.

பழக்கடைக்காரர் கவனிப்பது வேறொன்று. பார்க்க நல்ல பழம், இரண்டு நாளில் காம்படியிலிருந்து கறுத்து அழுகும். அதைச் செய்யும் பூஞ்சணம், பட்டுப்போன குச்சிகளிலும் காய்ந்த பூக்காம்புகளிலும் குடியிருந்து பழத்துக்கு இறங்குவது. பட்ட குச்சியை ஓகஸ்டில் வெட்டி அப்புறப்படுத்தினால் அதன் ஊற்று குறையும். வெட்டியதை மரத்தடியிலேயே குவித்து வைப்பது வெட்டாததற்குச் சமம். பூக்காலத்திலும் இப்படித்தான். அடர்ந்த குடைக்குள் பனியும் தூறலும் காயாமல் நின்றால் பூங்கொத்து கருகும், தத்துப்பூச்சியும் பெருகும். காற்றோட்டமுள்ள மரத்தில் காலைப்பனி சீக்கிரம் காய்ந்துவிடும்.

குட்டை மரத்தில் கையால் பறிக்கலாம். கொக்கத்தடியால் இழுத்து விழுந்த பழம் எவ்வளவு நல்ல இனமானாலும் அடிபட்ட பழம்தான். பிஞ்சு தேசிக்காய் அளவு வந்ததும் கடதாசிப் பை கட்டவும் உயரம் குறைந்தால்தான் முடியும். ஜூனில் பழ ஈக்கு அதைவிட நல்ல பதில் நான் காணவில்லை.

மருந்தடித்துப் பூக்க வைப்பது பற்றி

பொட்டாசியம் நைத்திரேற்றுத் தெளித்தால் பூக்கும் என்று பிலிப்பைன்ஸில் ரமோன் பார்பா 1970களில் காட்டினார். உலகம் முழுக்க அது பரவியது. ஆனால் அது முற்றிய நுனியைத்தான் எழுப்பும். நுனி முற்றிவிட்டதா என்று பார்க்க எளிய வழி: ஓர் இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் முற்றியது. துவண்டு மடிந்தால் இளசு, அதற்கு எதைத் தெளித்தாலும் இன்னொரு துளிர்தான் வரும். துளிர் வளர்ச்சியை அடக்கும் பெக்லோபியுட்ரசோல் என்ற மருந்தை மண்ணில் ஊற்றும் முறையும் உண்டு. அது மண்ணில் நெடுநாள் தங்கும், அளவு பிசகினால் மரம் குறண்டிப் போகும். வீட்டு வளவுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். காலத்துக்கு வெட்டிய மரத்துக்குத் தெளிப்பே பெரும்பாலும் வேண்டியிருக்காது.

பழைய பெரிய மரங்கள்

பேரன் வெட்டச் சொல்வான், அம்மம்மா "மொட்டை அடிச்சா மரம் பட்டுப்போகும், தம்பி" என்பார். இரண்டு பேரும் பாதி சரி. கிணற்றடியில் நிற்கும் நாற்பது, ஐம்பது அடி மரத்தை ஒரே ஆடியில் மொட்டையடித்தால் பட்டை வெந்து, வேரும் பட்டினி கிடக்கும். மூன்று வருடத்துக்குப் பிரியுங்கள். முதல் வருடம் நடுவில் நேர் மேலே போகும் ஒரு பெரிய கொப்பை மட்டும் எடுத்து உள்ளே வெயில் விடுங்கள். இரண்டாம் வருடம் ஒரு பக்கம், மூன்றாம் வருடம் மற்றப் பக்கம். இப்படிச் செய்தால் எந்த வருடமும் வீட்டில் பழம் இல்லாமல் போகாது.

மற்ற மரங்களுக்கு இதே மாதம் அல்ல

கொய்யா புதிதாக வரும் துளிரிலேயே பூக்கும். அதனால் அதற்கு மாமரத்தின் கணக்கு இல்லை. வெட்டியதிலிருந்து ஏறக்குறைய ஐந்தாறு மாதத்தில் பழம் எதிர்பார்க்கலாம். மழையில் பழம் சப்பென்று இருக்கும், பழ ஈயும் விடாது. எனவே கோடையில் பழம் வரும்படி ஜனவரியில் மழை வெளித்ததும் வெட்டுங்கள்.

தேசிக்கு கத்தரிப்பே குறைவு. பட்ட கொப்பு, அடியிலிருந்து நீண்ட முள்ளோடு நேராக எழும் நீர்த்துளிர், நிலத்தைத் தொடும் கொப்பு, இவ்வளவும் போதும். அதையும் காய்ந்த நாளில் செய்யுங்கள். மழைக்குள் தேசியை வெட்டினால் இளந்துளிரில் சொறி நோய் ஏறும், பிறகு காயில் புள்ளி விழுந்து சந்தையில் பாதி விலைதான்.